முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

சேலத்துக்கு வேலை மாறி வந்திருக்கிறீர்கள். சூரமங்கலத்திலோ ஃபேர்லாண்ட்ஸிலோ அம்மாபேட்டையிலோ வீடு பிடித்து, பால் காய்ச்சி, கேஸ் இணைப்பும் மாற்றியாயிற்று. தட்டுவடை செட் எந்த வண்டியில் நன்றாக இருக்கும், மல்கோவா எப்போது வரும் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்ல மறந்துபோகிற ஒன்றுக்காக இதை எழுதுகிறேன். புது ஊருக்கு வந்த முதல் ஆறு மாதத்தில் நாம் போன் நம்பரைப் பலருக்குக் கொடுக்கிறோம், புதுப்புது ஆப்களை இறக்குகிறோம், பழைய இணைப்புகளை ரத்து செய்து புதியவை வாங்குகிறோம். கம்பெனிகளிடம் மாட்டிக்கொள்வதும் அந்த ஆறு மாதத்தில்தான்.

நான் அஸ்தம்பட்டி பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்கேன், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. தினமும் நாலு பேராவது போனை நீட்டி, "அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று வந்து நிற்பார்கள். அவர்கள் விவரம் இல்லாதவர்கள் கிடையாது. வெள்ளிப் பட்டறையில் மில்லிகிராம் கணக்குப் பார்க்கிறவர்கள், லீ பஜாரில் மூட்டைக் கணக்கை மனதிலேயே போடுகிறவர்கள். அப்படிப்பட்டவர்களையே சுற்றவிடுகிறார்கள். இரண்டு முறை போன் செய்து பார்ப்பார், மூன்றாவது முறை சலித்துப்போய் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் பல கம்பெனிகள் நடக்கின்றன என்பது இத்தனை வருடம் பார்த்த பிறகு என் உறுதியான கருத்து. சலிப்பு எங்கிருந்து வருகிறது? எல்லாவற்றையும் மனதிலேயே தூக்கிக்கொண்டு திரிவதிலிருந்து. அதனால் முதல் வேலை, எழுதி வைப்பது.

நோட்டு

கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு இணைப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: கேஸ், இன்டர்நெட், சிம், வங்கிக் கணக்கு, தவணையில் வாங்கிய வாஷிங் மெஷின். பக்கத்தின் தலையில் வாடிக்கையாளர் எண், எந்த போன் நம்பரில் பதிவு, கட்டிய டெபாசிட், தேதி. அதற்குக் கீழே, அந்தக் கம்பெனியோடு பேசும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி. எத்தனை மணிக்குப் பேசினோம், யார் பேசினார், புகார் எண் என்ன, எவ்வளவு கெடு கேட்டார்.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படிப் போகிறது: "11.6, காலை 10.40. பத்து நிமிஷம் பாட்டு. பேசியவர் பெயர் சொல்லவில்லை. 48 மணி நேரத்தில் ஆள் வருவாராம்." "14.6, மாலை 4.15. ஆள் வரவில்லை. புகார் தீர்க்கப்பட்டதாக மெசேஜ் மட்டும் வந்தது." "14.6, மாலை 4.30. புதுப் புகார் எண். மறுபடி 48 மணி நேரம்." இப்படிப் பதினேழு வரி. வீடு மாறியபோது ஒரு இன்டர்நெட் இணைப்பை ரத்து செய்ததில் வந்த வம்பு அது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பில்களை போட்டோ எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போட்டோவும் வேண்டும். கடைகளில் தரும் வழவழப்பான பில்லில் ஒரு வருடத்தில் எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து நோட்டுக்குள் ஒட்டிவிடுங்கள்.

"நம்பர் சொல்லுங்க"

ஐந்து ரோட்டில் துணி எடுத்தாலும், மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினாலும், பில் போடுகிறவர் முதலில் கேட்பது போன் நம்பர். கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே, நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் கொடுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். "நம்பர் போடாம மிஷின் எடுக்காதுங்க" என்றால், "கடை நம்பரையே போட்டுக்கோங்க" என்று சொல்லலாம். பில் போடும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும்.

ஏற்கெனவே நம்பர் ஊரெல்லாம் போய்விட்டதா? 1909 என்ற எண்ணுக்கு, ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, பூஜ்யம் போட்டு அனுப்புங்கள். எல்லா வகை விளம்பரமும் வேண்டாம் என்று பதிவாகும். இதோடு விளம்பரத் தொல்லை முழுதாக நிற்காது, அதற்குக் காரணம் இருக்கிறது. ஏதோ ஒரு ஆப்பில், ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்து நீங்கள் சம்மதம் கொடுத்திருந்தால், அந்தக் கம்பெனிக்கு இந்தத் தடை பொருந்தாது. சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் பதிவு செய்யாமல் தொழில் நடத்துகிறவர்கள். அவர்கள் மீது 7 நாளுக்குள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் டிஎன்டி ஆப்பிலோ 1909-லோ புகார் கொடுக்கலாம். 2025-இல் விதியைத் திருத்திய பிறகு, 10 நாளில் 5 பேர் புகார் சொன்னாலே அந்த நம்பர் மீது நடவடிக்கை தொடங்க வேண்டும். ஐந்தே பேர்தான். நீங்கள் கொடுக்கும் ஒரு புகாருக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

யார் அழைக்கிறார்கள் என்று எண்ணை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 140 என்று தொடங்கினால் விளம்பரம். வங்கி, காப்பீட்டுக் கம்பெனிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. மெசேஜ் என்றால் அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஆங்கில பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிமாற்றம், ஜி என்றால் அரசு.

புது சிம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை நிழலில் சிம் விற்பவர், "ரேகை சரியா விழலைங்க, இன்னொரு தடவை வைங்க" என்று சொன்னால், முதல் முறை ஏன் விழவில்லை என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரிலேயே இன்னொரு சிம் எடுத்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே "என்னுடையது இல்லை" என்று பதிவு செய்யலாம். போன் தொலைந்தால் அதை முடக்குவதும் அதே தளத்தில்தான்.

"இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்"

இந்த மெசேஜ் உங்களுக்கும் வரும். போன மாத பில் கணக்கில் ஏறவில்லை, உடனே இந்த அதிகாரியை அழைக்கவும் என்று ஒரு பத்து இலக்க நம்பர் இருக்கும். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் ஒன்றை யோசித்தாலே பொய் வெளிப்பட்டுவிடும். பெரும்பாலான வாடகை வீடுகளில் மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில், அவர் போன் நம்பரில் இருக்கும். உங்கள் நம்பர் மின்வாரியத்துக்கு எப்படித் தெரியும்? அப்புறம், நம் ஊரில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. "போன மாத பில்" என்ற பேச்சே இங்கே பொருந்தாது. சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் எண் 94987 94987-இல் கேளுங்கள். மெசேஜில் இருக்கும் நம்பரை மட்டும் அழைக்காதீர்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தவை இன்னும் சில. போக்குவரத்து அபராதம் என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும், பெயரின் முடிவில் ஏபிகே என்று இருக்கும். அது பத்திரிகை கிடையாது, ஆப். திறந்தால் உங்களுக்கு வரும் ஓடிபி மெசேஜ்களை எல்லாம் இன்னொருவன் படிப்பான். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வந்தாலும் திறக்க வேண்டாம், அவர் போனும் அப்படித்தான் மாட்டியிருக்கும். வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் தோன்றி "டிஜிட்டல் கைது" என்பவரின் அழைப்பை உடனே துண்டியுங்கள். அப்படி ஒரு கைது இந்த நாட்டுச் சட்டத்தில் இல்லை. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட, சொல்லி வையுங்கள்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்கார நேரம் இல்லை. முதலில் 1930, சைபர் மோசடிக்கான உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று தாவிக்கொண்டே இருக்கும். 1930-இல் பதிவானதும் அது போன வழியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். எடுத்து செலவு செய்துவிட்டால் பிடிப்பது கஷ்டம். அதனால் மகனுக்குப் போன், மச்சானுக்குப் போன் என்று அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். அடுத்தது வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல், அனுமதியின்றிப் போன பணத்தை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும்கூட, தெரிவித்த பிறகு உங்கள் அனுமதி இல்லாமல் போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால்தான் நோட்டில் மணியையும் எழுதச் சொல்கிறேன். நேரில் புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு உள்ளூர்த் தகவல்: மாநகரத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம், மாவட்டத்துக்கு ஒன்று என இரண்டு உண்டு. உங்கள் வீடு மாநகரக் காவல் எல்லையா, மாவட்ட எல்லையா என்று இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். ஏற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது.

மலைக்குப் போகும்போது

வந்த புதிதில் எப்படியும் ஏற்காட்டுக்குப் போவீர்கள். அடிவாரத்திலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் சிக்னல் போகும் என்று சொல்ல முடியாது. ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தாண்டி நாகலூர், வெள்ளக்கடை பக்கம் போய்விட்டு, மிளகாய் பஜ்ஜிக்கு யுபிஐ சுற்றிக்கொண்டே இருந்தால் கடைக்கார அம்மாவுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். மேப்பையும் கீழேயே இறக்கி வைத்துவிடுங்கள். அது சில சமயம் காப்பித் தோட்டத்துக்குள் போகும் தனியார் பாதையைக் காட்டும், பூட்டிய கேட்டில் போய் நிற்பீர்கள்.

தங்கும் இடத்துக்கு முன்பணம் அனுப்புமுன் அந்த இடத்தின் போன் நம்பரை இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். அழகான போட்டோவோடு போலித் தளங்கள் உண்டு. சாப்பிட்ட பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலை 4-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஆணையம் சொன்னது சரி என்றது. மனம் நிறைந்தால் பரிமாறியவர் கையில் நேரே கொடுங்கள்.

ஆப்பை அழித்தாலும் பணம் போகும்

சிவதாபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கொலுசு வேலை. பல வருடம் வெள்ளி தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே மழுங்கிவிட்டதால், ரேகை வைத்துத் திறக்கும் போன் அவருக்குத் திறக்காது. நான்கு எண் போட்டுத் திறந்து கையில் கொடுத்தார். "சாமி, மாசாமாசம் முன்னூறு ரூபா போவுது கண்ணு, பேங்குல கேட்டா தெரியலங்கறாங்க." பார்த்தால் 299 ரூபாய், நான்கு மாதமாக, மொத்தம் 1,196. பேரன் ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் என்று ஒரு ஜாதக ஆப்பை இறக்கியிருக்கிறான். பிடிக்கவில்லை, அன்றைக்கே அழித்துவிட்டான். ஆப்தான் போயிற்று. அந்த ஒரு ரூபாய் கட்டும்போது, மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த அனுமதி அப்படியே இருந்தது.

இதைத் தமிழில் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஆப் வேறு, ஆட்டோபே வேறு. ஆட்டோபே என்பது உங்கள் வங்கிக் கணக்குக்கும் அந்தக் கம்பெனிக்கும் இடையில் போட்ட நிரந்தர அனுமதி. ஆப்பை அழித்தாலும், போனையே மாற்றினாலும் அது போகாது. நிறுத்தும் வழி இதுதான்: உங்கள் யுபிஐ ஆப்பைத் திறந்து, உங்கள் படம் இருக்கும் மூலையை அழுத்தி, ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குப் போங்கள். நடப்பில் உள்ளவை வரிசையாக இருக்கும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்யுங்கள், பின் கேட்டால் போடுங்கள். இரண்டு மூன்று யுபிஐ ஆப் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் பாருங்கள். கார்டில் போட்ட அனுமதி இங்கே தெரியாது, அதை வங்கியின் ஆப்பிலோ தளத்திலோ தேட வேண்டும்.

2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு, யார், எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த மெசேஜ் நூறு விளம்பரங்களுக்கு நடுவில் வருவதால் நம் கண்ணில் படுவதில்லை. 1909-இல் விளம்பரங்களை நிறுத்தச் சொன்னதற்கு எனக்கு முக்கியக் காரணமே இதுதான். சத்தம் குறைந்தால்தான் தேவையான மெசேஜ் கண்ணில் படும்.

சேர்வது ஒரு தட்டலில் முடிகிறது, விலகுவதற்கு மட்டும் பத்துத் திரை. இதற்குச் சட்டத்திலேயே பெயர் இருக்கிறது. 2023 நவம்பர் 30-இல் மத்திய அரசு 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளை, ஆங்கிலத்தில் டார்க் பேட்டர்ன், பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாவில் சிக்கவைப்பது (சப்ஸ்கிரிப்ஷன் டிராப்) ஒன்று. நீங்கள் கேட்காத பொருளைக் கூடையில் போடுவது (பாஸ்கெட் ஸ்னீக்கிங்) ஒன்று. பஸ் டிக்கெட் எடுக்கும்போது காப்பீட்டுக்கும் நன்கொடைக்கும் முன்பே டிக் அடித்து வைத்திருப்பார்களே, அந்த வகை. "இன்னும் இரண்டே அறைதான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் (ஃபால்ஸ் அர்ஜென்சி), கடைசித் திரையில் மட்டும் புதுக் கட்டணத்தைக் காட்டுவதும் (டிரிப் பிரைசிங்) அதே பட்டியலில் உண்டு. புகார் எழுதும்போது இந்தப் பெயர்களைக் குறிப்பிட்டு எழுதுங்கள். சும்மா "ஏமாற்றிவிட்டார்கள்" என்பதைவிட அதற்குப் பதில் சீக்கிரம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் ஆட்டோபேயை ரத்து செய்து, கம்பெனிக்கு ஒரு மெயில் அடித்தோம். கடைசி மாதப் பணம் மட்டும் திரும்பி வந்தது. மீதிக்குப் புகார் கொடுக்கலாம் என்றேன். "வேலைய விட்டுட்டு யாரு சாமி அலையறது" என்றார். அவருக்கு அரை நாள் கூலி அதைவிடப் பெரிது. எனக்கு அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

யுபிஐ தோல்வி அடைந்து பணம் மட்டும் போய்விட்டால் பதற வேண்டாம். கடைக்குக் கட்டியதென்றால் 5 நாளில், ஆளுக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019 விதி. கேட்காவிட்டாலும் தர வேண்டியது, ஆனாலும் கேளுங்கள். வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

கஸ்டமர் கேரிலிருந்து ஆணையம் வரை

இப்போது என் கதை. வீடு மாறினேன், புது வீட்டில் அந்தக் கம்பெனியின் கேபிள் இல்லை. ரத்து செய்தேன். ஒரு பையன் வந்து ரூட்டரைக் கழற்றிக்கொண்டு போனான். ரசீது கேட்டதற்கு, "ஆன்லைன்ல வந்துரும்ணா" என்றான். வரவில்லை. 1,500 ரூபாய் டெபாசிட்டும் வரவில்லை. மாதம் 708 ரூபாய் பில் மட்டும் இரண்டு மாதம் வந்தது. மூன்றாவது மாதம், 1,416 ரூபாய் கட்டாவிட்டால் வழக்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வக்கீல் நோட்டீஸ்.

உங்களுக்கு முதல் பாடம்: எந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும், அதன் வரிசை எண் தெரிய ஒரு போட்டோ, வாங்கிப் போகிறவர் கையெழுத்தோடு நோட்டில் ஒரு வரி. இது இருந்தால் என் பதினேழு வரியும் உங்களுக்குத் தேவைப்படாது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் நடுங்க வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். ரத்து செய்த தேதி, புகார் எண்கள் ஆகியவற்றைப் போட்டுப் பதில் எழுதி வைத்துவிடுங்கள்.

கஸ்டமர் கேருக்குப் பேசும்போது கதை முழுவதையும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் புது ஆள் எடுப்பார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னால் நாலாவது நாளில் தொண்டை அடைத்துவிடும். "புகார் எண் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்று தொடங்கி, என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, புதுப் புகார் எண் வாங்கிக்கொண்டு வையுங்கள். சாட்டில் பேசினால் மூடும் முன் ஸ்கிரீன்ஷாட். மூடிவிட்டால் அது காணாமல் போகும். "புகார் தீர்க்கப்பட்டது, மதிப்பெண் கொடுங்கள்" என்று வரும் மெசேஜுக்கு, தீராமல் நல்ல மதிப்பெண் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு முறை பேசியும் நடக்கவில்லை என்றால் போனை விடுங்கள், மெயிலுக்கு மாறுங்கள். ஆன்லைன் வியாபாரம் செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. தளத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். போன், இன்டர்நெட் கம்பெனி என்றால் கஸ்டமர் கேருக்கு மேலே மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் உண்டு. அவருக்கு 39 நாள் கெடு. இப்படி ஒருவர் இருப்பதைக் கஸ்டமர் கேரில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம். வழக்குக்கு முந்தைய படி இது. பல கம்பெனிகள் இங்கேயே இறங்கி வந்துவிடுகின்றன. எனக்கு வந்த பதில், "வாடிக்கையாளர் ரூட்டரைத் திருப்பித் தரவில்லை" என்பது.

எனவே நுகர்வோர் ஆணையம். இங்கேதான் புதிதாக வந்தவர்கள் தவறாக நினைக்கிறார்கள். கம்பெனி குருகிராமிலோ பெங்களூரிலோ இருக்கிறது, அங்கே போய் யார் வழக்குப் போடுவது என்று கேட்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் செய்யலாம். நீங்கள் சேலத்தில் இருந்தால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், அவர்கள்தான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தின் எல்லை. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். டெலிகாம் வழக்குகளை நுகர்வோர் ஆணையம் எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால், எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லுங்கள்.

2025 ஜனவரி முதல் ஈ-ஜாக்ருதி என்ற தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். தேவைப்படுபவை: என்ன நடந்தது என்று தேதி வரிசையில் இரண்டு பக்கம், பில், மெயில்கள், புகார் எண்கள், இவை உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரம், என்ன நிவாரணம் வேண்டும் என்ற பட்டியல். அந்த இரண்டு பக்கத்தை எழுத எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆயிற்று, நோட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். நோட்டு இல்லாமல் வருகிறவர்கள் என் கடையில் மூன்று நாள் போன் மெசேஜ்களைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நிவாரணத்தில் பணத்தோடு, வழக்குச் செலவையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் கேட்க மறக்காதீர்கள்.

நோட்டீஸ் போனதும் கம்பெனி 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள் கிடைக்கும். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும், அதற்குத் தயாராக இருங்கள். என் வழக்கில் முதல் வாய்தாவுக்கு யாரும் வரவில்லை. இரண்டாவது வாய்தாவுக்கு முந்தைய நாள், அவர்கள் தரப்பு வக்கீல் போன் செய்தார். டெபாசிட்டைத் தந்துவிடுகிறோம், பில்லையும் ரத்து செய்கிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்.

உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும். உடனே சரி என்று சொல்லி வாபஸ் வாங்கிவிடாதீர்கள். மூன்றைக் கேளுங்கள்: பணம் முதலில் கணக்கில் ஏற வேண்டும், நிலுவை எதுவும் இல்லை என்று கம்பெனித் தாளில் கடிதம் வேண்டும், சமரசம் ஆணையத்தின் முன் பதிவாக வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால், பின்னால் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது பழைய 1,416 ரூபாய் எங்கிருந்தாவது முளைத்து வரலாம். நான் மூன்றையும் கேட்டு வாங்கினேன். பணம் வந்த தேதியையும் மணியையும் அந்தப் பக்கத்தில் பதினெட்டாவது வரியாக எழுதி, கடிதத்தின் ஜெராக்ஸை எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.